ஈரத்துணிக்கு முன்னால்

போன வாரம் லட்சுமி போன் செய்தாள். திருப்பதியில் நான் வேலை பார்த்த குழந்தைகள் வார்டில் இப்போது அவள்தான் தலைமை நர்ஸ். தெலுங்குக்காரி. என்னோடு பேசும்போது மட்டும் தமிழை எடுத்து உடுத்திக்கொள்வாள்.

"அண்ணா, புது ஆப் ஒண்ணு வந்திருக்கு. ஸ்டெம் செல் மாத்தின பசங்களுக்கு ஜுரம் வந்தா, அஞ்சு கேள்விக்குப் பதில் தட்டினா போதுமாம். ரத்தத்துல கிருமி இருக்கறதுக்கு சான்ஸ் எவ்வளோன்னு அதுவே சொல்லிடும். கேள்வியெல்லாம் சரியா இருக்கான்னு எங்களைப் பார்க்கச் சொல்றாங்க. நீங்க ஒருவாட்டி சூடண்டி, பாருங்க."

"நான் ரிட்டயராகி ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

"ஜுரம் ரிட்டயராகலையே அண்ணா."

படம் பிடித்து அனுப்பினாள். சின்னத் திரையில் சுத்தமான ஐந்து கேள்விகள். ஜுரம் எவ்வளவு. நெஞ்சில் டியூப் இருக்கிறதா. மூன்றாவது, குளிர் நடுக்கம். அதற்கு எதிரே இரண்டு கட்டங்கள்: உண்டு, இல்லை. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய், வெயிலில் காரணமில்லாமல் நின்றேன். அந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் ஆறு வயதுப் பையன் ஒருவன் பதினைந்து வருஷமாகப் படுத்திருக்கிறான்.

நான் நகரி பக்கம். வீட்டைச் சுற்றி விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருந்ததால், நிசப்தம் என்பதை முதல் முதலாக ஆஸ்பத்திரியில்தான் கேட்டேன். சித்தூரில் நர்சிங் படித்தேன். முப்பது பெண்களோடு நான்கு ஆண்கள். பெண்களை சிஸ்டர் என்பார்கள், எங்களை பிரதர் என்பார்கள். "பிரதர்னா டாக்டருக்குத் தம்பியாண்ணா?" என்று பங்காருபாளையத்து அம்மா ஒருத்தி கேட்டது இன்றும் அந்த வார்டில் ஓடிக்கொண்டிருக்கும் நகைச்சுவை. படித்து முடித்த கையோடு கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் மஸ்கட், சவூதி என்று பறந்துவிட்டார்கள். எனக்கும் பாஸ்போர்ட் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் போகிறேன் போகிறேன் என்று சொல்லி, திருப்பதி வரைக்கும்தான் வந்து சேர்ந்தேன்.

அப்போது ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது. தடா பக்கம் கம்பெனிகள் முளைத்தன. மாம்பழக் கூழ் எடுக்கும் ஆலைகள் வந்தன. அப்படியும் குவைத்துக்குப் போகிற ஆண்களின் வரிசை குறையவில்லை. அதனால் எங்கள் வார்டுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள், தனியாக. தகப்பன் அவர்கள் கையில் இருக்கும் செல்போனுக்குள் இருந்தான்.

சென்னையில் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்து, எங்கள் மாவட்டத்துக்குத் திரும்பிய குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துக்கொள்வது எங்கள் வார்டின் வேலை. அது என்ன சிகிச்சை என்று தாய்மார்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: குழந்தையின் எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடத்தை மருந்தால் காலி செய்துவிட்டு, கூடப் பிறந்தவர்களின் ஊற்றை அங்கே வைக்கிறார்கள். புது ஊற்று பலப்பட மாதங்கள் ஆகும். அதுவரை குழந்தைக்குக் காவல் கிடையாது. நெஞ்சில் தொங்கும் டியூப் வழியாக மருந்து ஏற்றலாம், ரத்தம் எடுக்கலாம். அதே டியூப் வழியாகக் கிருமியும் குடிவரலாம். மற்றக் குழந்தைக்கு ஜுரம் என்றால் ஜுரம். இந்தக் குழந்தைக்கு ஜுரம் என்றால், கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டதா இல்லையா என்பதுதான் கேள்வி. ரத்தத்தைப் புட்டியில் விட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்க்க ஒரு நாளாவது ஆகும். அந்த ஒரு நாள் சில குழந்தைகளிடம் இருக்காது. ஆகவே புட்டி சொல்வதற்கு முன்னால் நாங்கள் ஊகிக்க வேண்டும்.

ஊகிக்கக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் பிரபாவதி. எல்லாருக்கும் மேடம். காக்கிநாடா பக்கத்துத் தெலுங்கு, ஒட்டுப் போட்ட தமிழ். ஜுரக் குழந்தை வந்தால் மேடம் முதலில் நாற்காலியைத் தள்ளிவிட்டு முக்காலியை இழுத்துப் போடுவார். தாயின் முகத்தைவிடத் தன் முகம் தாழ்வாக இருக்க வேண்டும். பேனாவுக்கு மூடி போட்டுவிடுவார். கேஸ் ஷீட்டைக் கவிழ்த்து வைப்பார். "இன்னைக்குக் காலைல கண்ணு முழிச்சான். தர்வாத?" என்பார். தர்வாத என்றால் தெலுங்கில் 'அப்புறம்'. தாய் ஒன்று சொல்வாள். "தர்வாத?" இன்னொன்று சொல்வாள். "தர்வாத?" வேறு கேள்வியே கிடையாது. பால் குடித்தான், கக்கினான், நாய்க்குட்டியைத் தேடினான், ஆட்டோக்காரனோடு சண்டை எல்லாம் வரும். மேடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். நடுவில் நாங்கள் யாராவது ஆர்வக்கோளாறில், "அப்போ ஜுரம் இருந்துச்சாம்மா?" என்று எடுத்துக்கொடுத்தால் போச்சு. பேனா மூடியால் மேசையில் ஒரு தட்டு. அவ்வளவுதான் திட்டு.

ஒருமுறை வராந்தாவில் என்னைப் பிடித்து நிறுத்தினார். "கோதண்டம், நுவ்வு கேள்விக்குள்ளயே பதிலை வச்சுத் தர்றே. அவங்க உன் மேல இருக்கிற மரியாதைல அதை வாங்கிக்கறாங்க. ஆஸ்பத்திரில யாருக்கும் இல்லைன்னு சொல்ற தைரியம் கிடையாது."

சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன். சிரித்துக்கொண்டு கேட்பவை காதோடு நின்றுவிடுகின்றன.

என் வேலையில் எனக்குப் பெருமை தந்த பகுதி, வீட்டுக்குப் போகும் தாய்மார்களுக்குப் பாடம் எடுப்பது. தெர்மாமீட்டரைக் கக்கத்தில் வைக்கும் விதம். டியூப்பின் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் தேய்க்கும் விதம். வாரம் ஒருமுறை, அதே கிழமையில், சிரிஞ்சில் உப்புத்தண்ணீர் ஏற்றி டியூப்பைக் கழுவும் விதம். இதோடு ஒன்று சேர்த்துச் சொல்வேன்: ஜுரம் அடித்தால் நீங்களாக மாத்திரை தராதீர்கள், ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே நேரே இங்கே வந்துவிடுங்கள்.

என் மாணவிகளில் முதல் மாணவி கஸ்தூரி. பங்காருபாளையத்துக்கு உள்ளே ஒரு கிராமம். மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கும் வேலை. புருஷன் குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர். பையன் தினேஷுக்குப் பிறந்ததிலிருந்தே ரத்தம் ஊறாத நோய். அக்கா யாமினியின் ஸ்டெம் செல் பொருந்தியது. அவளுக்குப் பதினோரு வயது. கஸ்தூரி நான் சொன்ன எதையும் நோட்டில் எழுதவில்லை, விரல்களில் எழுதிக்கொண்டாள். மாங்காயை அழுத்திப் பார்த்தே உள்ளே அழுகலா என்று சொல்கிற விரல்கள். ஒருமுறை செய்து காட்டினால் போதும், என்னைவிடச் சுத்தமாகச் செய்வாள். "கஸ்தூரி, பேசாம நீயே இங்க டியூட்டிக்கு வந்துடு," என்பேன். "சம்பளம் மண்டில தர்றதைவிட ஜாஸ்தின்னா சொல்லுண்ணா, வந்துடறேன்," என்பாள்.

அந்த வருஷம் மேடம் மகன் படிப்புக்காகக் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். போன மறு மாதம் அச்சடித்த தாள் ஒன்று வந்தது. மேடம் தலையில் செய்த கணக்கைத் தாளில் செய்ய வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் புள்ளி. மொத்தம் ஒரு எண்ணைத் தாண்டினால் உடனே படுக்கை, கையில் ஊசி குத்தி வீரியமான மருந்து, டியூப்பைத் தொடக் கூடாது. தாண்டாவிட்டால் ரத்தம் புட்டிக்கு, ஒரு வேளை மருந்து டியூப் வழியாக, மறுநாள் காலையில் வந்து காட்டவும். தாளைக் குறை சொல்ல மாட்டேன். படித்தவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்தது. ஆனால் தாள் கேட்காது. கேட்க வேண்டியது தாளைக் கையில் வைத்திருக்கிறவன்.

அன்று சனிக்கிழமை. பெஞ்சில் ஒன்பது குழந்தைகள். பத்து மணிக்குக் கஸ்தூரி வந்தாள். சித்தூரில் பஸ் மாறி வந்திருக்கிறாள். தோளில் தினேஷ், கையில் நனைந்த துண்டு. யாமினி கூட வந்திருந்தாள். கூட வருகிறவர் பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் வார்டுக்குள் விடக் கூடாது என்பது விதி. வெளிக்கிருமி வரக் கூடாதென்று. காவலாளி அவளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். சிரிஞ்சும் பஞ்சும் வைத்திருக்கும் பிளாஸ்டிக் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையசைத்தேன். அவள் திரும்பக் கையசைக்கவில்லை. டப்பா விழுந்துவிடும் என்று இருக்கும்.

"எப்போலேர்ந்தும்மா?"

"காலைலதாண்ணா. ஒடம்பு கொதிச்சிக்கினு இருந்துச்சி. நூத்திரெண்டு காட்டுச்சி. நீ சொன்ன மாதிரியே தொடச்சேன். பஸ்ஸுலயும் தொடச்சிக்கினேதான் வந்தேன்."

கக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்தேன். ஈரத்தில் ஊறிய கக்கம். நூறுகூட இல்லை. கண்ணெதிரில் கண்டதை எழுத வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. எழுதினேன்.

"டேய் தினேஷு, இன்னாடா துன்னே?"

"இட்லி. ஒண்ணு." குரலில் தெம்பு இருந்தது. "நைனா ரிமோட் காரு வாங்கிட்டாரு. போட்டோ அனுப்பிச்சாரு."

"கொஞ்சம் நடுங்கினாண்ணா காலைல," என்றாள் கஸ்தூரி.

பேனாவுக்கு மூடி இல்லை. தாள் நிமிர்ந்திருந்தது. பெஞ்சில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. நான் கேட்டேன்: "துணியால தொடச்சப்போ நடுங்கினானா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் நீளம் எனக்குத் தெரியும். சொல்ல வந்த ஒன்றை என் கேள்வியோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள், மண்டியில் இரண்டு கையிலும் இரண்டு காயை வைத்துப் பார்ப்பதுபோல. ஒன்றைப் போட்டுவிட்டாள்.

"ஆமாண்ணா."

"ஈரம் பட்டா சில்லுனு இருக்குமில்ல. அதாம்மா." மூன்றாம் கேள்வியில், இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

புள்ளிகள் எண்ணைத் தாண்டவில்லை. டியூட்டி டாக்டர் சின்ன வயது, கவனமானவர். குழந்தையைத் தொட்டுப் பார்த்தார், தாளைப் பார்த்தார். தாளில் இருந்தது என் கையெழுத்து. நான்தான் ரத்தம் எடுத்துப் புட்டியில் விட்டேன். மருந்தை டியூப் வழியாக ஏற்றியவனும் நானே. கடைசியில் உப்புத்தண்ணீர் விட்டு டியூப்பைக் கழுவினேன். அரை மணி உட்காரச் சொன்னோம். சரியாகத்தான் இருந்தான். பக்கத்துச் சத்திரத்தில் தங்கிக் காலையில் வருகிறோம் என்று கிளம்பினார்கள்.

ஆட்டோ சத்திரத்தை எட்டவில்லை. பாதி வழியில் அவன் நடுங்க ஆரம்பித்திருக்கிறான். பல் கிட்டுகிற நடுக்கம். அப்படியே திருப்பிக்கொண்டு வந்தார்கள். நான் கேட்டிலேயே அவனைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். உதடு சாம்பல். கை கால் சில்லிட்டு வயிறு மட்டும் கொதித்தது. தீவிர சிகிச்சைக்கு மாற்றி, டியூப்பை எடுத்து, இருக்கிற எல்லா மருந்தையும் கொடுத்தார்கள். ஞாயிறு காலை, லேபிலிருந்து புட்டியில் கிருமி என்று சொன்னார்கள். திங்கள் பகல் பதினொன்றரைக்கு எல்லாம் அடங்கியது. கஸ்தூரி கையில் போன் இருந்தது, மறுமுனையில் அவன் தகப்பன். அவருக்கு விமானம் கிடைத்தது புதன்கிழமைக்கு. போனுக்குள்ளிருந்து குவைத்துச் சாலையில் வண்டிகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பதினாறாம் நாள் முடிந்து, காகிதங்கள் வாங்கிப்போகக் கஸ்தூரி வந்தாள். யாமினியும் வந்திருந்தாள். அன்றும் கேட்டுக்கு வெளியேதான் நின்றாள், அதே டப்பாவோடு. மிச்சமிருந்த சிரிஞ்சுகளைத் திருப்பித் தர எடுத்து வந்திருந்தார்கள். நான் வெளியே போனேன். வேப்பமரத்தடியில் மூவரும் நின்றோம்.

டப்பாவை நீட்டிக்கொண்டே யாமினி கேட்டாள். "மாமா, இதுல தப்பு இருந்துச்சா?"

"எதுலம்மா?"

"இந்தத் தண்ணில. இது ஏத்துனதும்தான் நடுங்குனான்."

கஸ்தூரி, "சும்மா இருடி," என்றாள்.

என் வாயில் கேள்வி வந்தது. அன்றைக்குத்தான் முதல் முறையாக அதை விழுங்கினேன். மேடத்தின் சொல்லைச் சொன்னேன். "காலைல முழிச்சான். அப்புறம்?"

"முழிச்சப்போ நல்லாத்தான் இருந்தான். ஜுரம் இல்ல."

"அப்புறம்?"

"சனிக்கெழமையில்ல, அம்மா டியூப்பு கழுவுச்சி. நான் மூடியைப் புடிச்சிக்கினு இருந்தேன்."

"அப்புறம்?"

"பல்லு வெளக்கிக்கினு வந்தான். இட்லி ஒண்ணு துன்னான். தட்டு கையிலயே ஆடுச்சி. ரெண்டு போர்வை போட்டோம், நிக்கல. நான் மேல படுத்துக் கட்டிப் புடிச்சேன். அப்புறம் நின்னுச்சி. அப்புறம்தான் சுட்டுச்சி."

"அப்புறம்?"

"அப்புறம்தான் துணி."

நடுக்கம் முதலில். துணி கடைசியில். டியூப்புக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்த கிருமி, தண்ணீர் தள்ளியதும் ஒரே மடக்காக ரத்தத்துக்குள் போயிருக்கிறது. அரை மணிக்குள் உடம்பு உதறியிருக்கிறது. கழுவியதும் நடுங்கினால் டியூப்பில்தான் எதிரி இருக்கிறான் என்பது எங்களுக்குப் பாடத்தில் உள்ளதுதான். இதைச் சனிக்கிழமை பத்து மணிக்குக் கேட்டிருந்தால் அந்த டியூப்பை நான் தொட்டிருக்க மாட்டேன். நான் தொட்டேன். அதே கிருமியின் மேல் மறுபடியும் தண்ணீர் விட்டுத் தள்ளினேன். கேட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று சத்தியம் செய்ய எனக்கு அறிவு போதாது. பிழைத்திருக்கலாம் என்பதைத் தூக்கிக்கொண்டு நடக்க மட்டும் தெரிகிறது.

கஸ்தூரியிடம் சொன்னேன். மறைக்கவில்லை. "தொடைக்கச் சொன்னவன் நான். அதனால ஜுரம் எறங்கிக் கெடந்துச்சி. நடுக்கம் துணியாலன்னு சொன்னதும் நான்தான், நீ இல்ல. நீ வேற ஏதோ சொல்ல வந்தே. நான் கேக்கல."

"நீ கேட்டே. நான் ஆமான்னேன்," என்றாள் கஸ்தூரி. "உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்னு நெனச்சேன். ரெண்டு பேருந்தாண்ணா சொன்னோம்."

அவள் என்னை அடித்திருக்கலாம். பாதியை எடுத்துக்கொண்டாள். அந்தப் பாதியைத் திருப்பி வாங்க எனக்கு வழி கிடைக்கவே இல்லை.

யாமினி இன்னும் டப்பாவை விடவில்லை. "அப்ப என் ரத்தம் கெட்டது இல்லையா மாமா? வீட்டுல ஆயா சொல்லுச்சி, என்னுது ஒத்துக்கலன்னு."

நான் உட்கார்ந்தேன், மேடம் மாதிரி, அவள் முகத்துக்குக் கீழே என் முகம் இருக்கும்படி. "கடைசி நாள் டெஸ்டு பாத்தேன்மா. அவன் ஒடம்புல ஓடினது முழுக்க உன் ரத்தம்தான். நல்லா வேலை செஞ்சிக்கினு இருந்துச்சி. அந்தக் கிருமியோட சண்டை போட்டதே உன்னுதுதான்."

பதினோரு வயதின் நேர்மையோடு கேட்டாள். "அப்ப என்னுது தோத்துப்போச்சா?"

"இல்லம்மா. அதுக்குத் துணைக்கு ஆள் அனுப்ப வேண்டியவன் நான். நான் லேட்டு."

டப்பாவை என் கையில் வைத்தாள்.

நடந்ததை எல்லாம் எழுதி மேலே கொடுத்தேன். கூப்பிட்டுப் பேசினார்கள். தாளில் மூன்றாம் கேள்விக்குக் கீழே, டியூப் கழுவிய பிறகா என்று ஒரு வரி சேர்ந்தது. சின்னவர்களைக் கேட்டிலேயே நிறுத்தும் விதி மாறவில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. நான்தான் மாறினேன். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, ஜுரக் குழந்தை வந்தால் தாளைக் கவிழ்த்துவிட்டு முதலில் கேட்டுக்குப் போவேன். அங்கே அக்காவோ அண்ணனோ எப்படியும் நின்றுகொண்டிருப்பார்கள். வீட்டில் நடப்பதையெல்லாம் பார்க்கிறவர்கள், யாரும் எதுவும் கேட்காதவர்கள். அவர்கள் சொன்ன வரிசையோடு உள்ளே வருவேன். சில குழந்தைகள் பிழைத்தன. அதைக் கணக்கில் வைத்துத் தினேஷைக் கழிக்க என்னால் முடிந்ததில்லை.

நேற்று லட்சுமியைக் கூப்பிட்டேன்.

"மூணாவது கேள்வி வேண்டாம்மா. அந்த இடத்துல, காலைலேர்ந்து நடந்ததை வரிசையாச் சொல்ல விடச் சொல்லு."

"அதுக்கெல்லாம் ஆப்ல எடம் இல்லையே அண்ணா. உண்டு, இல்லை, ரெண்டே கட்டம்தான்."

"சரி, கட்டம் இருக்கட்டும். அதுல விரல் வைக்கிறதுக்கு முன்னாடி கேட்டு வரைக்கும் ஒரு நடை போயிட்டு வா."

"கேட்டுல யாரண்ணா இருப்பாங்க?"

"இருப்பாங்கம்மா. கையில டப்பா வச்சிக்கினு."